இராகலைப் பாதையும் புகையிரத வரலாறும்: ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் புகையிரத வரலாற்றைக் கூறும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே தோரணையிலேயே தொடங்குகின்றன. 1858 ஆம் ஆண்டு ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் பாதை வேலையைத் தொடக்கி வைத்தார். 1864 டிசம்பரில் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி, 1884 இல் ஹட்டன், 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை, 1924 இல் பதுளை என்று பாதை மலையேறிச் செல்கின்றது. ஆண்டுகளும் ஊர்ப்பெயர்களும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்ற கணக்குகளும் வரிசையாக வருகின்றன. வாசித்து முடிக்கும்போது ஒரு படையெடுப்பின் வெற்றிப் பட்டியலைப் படித்த உணர்வே எஞ்சுகின்றது. இவ்வளவு தூரம் நீண்ட பாதையில் யார் பயணஞ் செய்தார்கள், யார் செய்யவில்லை என்ற வினா மட்டும் எழுப்பப்படுவதில்லை. வினா எழாதபோது விடையும் வராது என்பது வெளிப்படை.

இவ்வினாவை எழுப்புவதற்கு மிகவும் வாய்ப்பான இடம், இப்பட்டியலில் அடிக்குறிப்பாக மாத்திரமே இடம்பெறும் ஒரு கிளைப்பாதையாகும். நானுஓயாவில் பிரிந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை சென்ற உடப்புசல்லாவைப் பாதையையே இங்கு குறிப்பிடுகின்றோம். ஏறக்குறைய 19 மைல் நீளமான இப்பாதை 1903 ஆம் ஆண்டின் இறுதியில் கந்தப்பளை வரையும் 1904 இல் இராகலை வரையும் திறக்கப்பட்டது. பிரதான பாதையின் தண்டவாளங்களுக்கிடையேயான அகலம் 5 அடி 6 அங்குலம். இதுவோ 2 அடி 6 அங்குலம். செலவைக் குறைப்பதற்காகவும் மலையின் மடிப்புகளுக்கு ஏற்ப வளைந்து நெளிந்து ஏறுவதற்காகவுமே இக்குறுகிய அளவு தெரிந்தெடுக்கப்பட்டது. கந்தப்பளைக்கு அருகே இப்பாதை 6,300 அடிக்கு மேல் ஏறிற்று. அகலப் பாதையின் உச்சியெனப் பட்டிப்பொலவைப் பற்றிப் பெருமையாக எழுதுபவர்கள், அதனிலும் உயரத்தில் ஒரு வண்டி இந்நாட்டில் ஓடியதென்பதை நினைவுகூர்வது அரிது. 1940 இல் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டது. 1948 இல் பாதை முழுவதுமாக மூடப்பட்டது. பின்னர் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. யாழ்ப்பாணப் பாதை போரினால் அற்று 2014 இல் மீண்டது; தலைமன்னார்ப் பாதை 2015 இல் மீண்டது; 2019 இல் மாத்தறைக்கு அப்பால் பெலியத்தை வரை புதிய பாதையும் இடப்பட்டது. இராகலைப் பாதை மீளவில்லை. மீள வேண்டுமென்று உரத்துக் கேட்டவரும் இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதே எமது கட்டுரையின் பொருள். பாதை போடப்பட்ட காரணத்திலிருந்தே இதனை விளங்க முற்படல் வேண்டும்.

மலைநாட்டுப் புகையிரதம் கோப்பிக்காகக் கேட்கப்பட்டது. மாட்டுவண்டிகளிற் கோப்பியைக் கொழும்புக்கு இறக்குவதில் ஏற்பட்ட தாமதமும் செலவும் தோட்டத்துரைமாரை வருத்தின. ஆனால் 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அரித்துக்கொண்டிருக்கையிலேதான் பாதை மேலே ஏறிற்று. நானுஓயாவை அது எட்டிய 1885 ஆம் ஆண்டளவிற் கோப்பி வீழ்ந்துவிட்டது. கோப்பிக்கெனப் போட்ட பாதையைத் தேயிலை பெற்றுக்கொண்டது. இங்ஙனம் பயிர் மாறியபோதும் பாதையின் நோக்கம் மாறாமைக்குக் காரணம் உண்டு. அது மலையையும் துறைமுகத்தையும் இணைத்த பாதை. மலையிலுள்ள ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைப்பது அதன் இலக்காக இருந்ததில்லை. தேயிலைப் பெட்டி கீழே இறங்க வேண்டும்; அரிசியும் உரமும் இயந்திரமும் மேலே ஏற வேண்டும். உடப்புசல்லாவைப் பாதை இந்நோக்கத்தின் மிகத் தெளிவான வடிவமாகும். தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டிகள் சிறுவண்டியில் ஏறி, நானுஓயாவில் இறக்கப்பட்டு, மீண்டும் பெருவண்டியில் ஏற்றப்பட்டன. அகலம் வேறுபட்டமையால் ஒவ்வொரு பெட்டியையும் இருமுறை தூக்க வேண்டியிருந்தது. வீதிகள் சீராகி, மோட்டார் லொறி தொழிற்சாலை வாசலிலேயே பெட்டியை ஏற்றிக்கொள்ளத் தொடங்கியதும் இச்சிறு பாதையின் பயன் தேய்ந்தது. தேயிலைக்கு வேண்டாத பாதை எவருக்கும் வேண்டாத பாதை என்று முடிவு செய்யப்பட்டது. பயணிகள் சேவை முதலில் நிறுத்தப்பட்டதையும் பொருட்சேவை எட்டாண்டுகள் கழித்தே நின்றதையும் இவ்விடத்து மனங்கொள்ள வேண்டும். எது முதலிற் கைவிடப்பட்டது, எது இறுதிவரை காக்கப்பட்டது என்ற ஒழுங்கே, பாதைக்கு உரியவர் யாரென்பதைக் காட்டிவிடுகின்றது.

இனி, பாதை இருந்த காலத்திலேனும் தோட்டத்து மக்கள் அதிற் பயணஞ் செய்தனரா? கட்டணம் இருந்தாற் பயணஞ் செய்யலாம் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால் புகையிரத நேர அட்டவணை ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றது. தனது நாள் தனக்குச் சொந்தமாக உள்ள ஒருவனையே அது பயணியாகக் கருதுகின்றது. விடியுமுன் பிரட்டுக் களத்திற் பேர் கொடுத்து, மாலையிற் கொழுந்து நிறுத்து முடியும்வரை, தோட்டத் தொழிலாளியின் நாள் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் சொந்தமாயிருந்தது. வேலைக்கு வராத நாளுக்குப் பேர் இல்லை; பேர் இல்லாவிடிற் கூலி இல்லை. லயத்துக்குக் கீழே வண்டி கூவிச் செல்லும் ஓசை, பலருக்கு நேரம் காட்டும் மணியாகவே பயன்பட்டிருக்கும். தண்டவாளத்தை அண்டி வாழ்வதும் பயணியாக இருப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கவனியாது, எத்தனை மைல் பாதை இடப்பட்டது என்று கணக்கிடுவோர் போக்குவரத்தின் வளர்ச்சியைக் கணக்கிட்டதாகக் கொள்ள முடியாது.

புகையிரதத்தைப் பற்றிய வழக்கமான எழுத்து எந்த இடத்திலிருந்து நோக்குகின்றது என்பதும் ஆராயத்தக்கது. அது சாளரத்தின் உட்புறத்திலிருந்து நோக்குகின்றது. பனி விலகுகின்றது, அருவி தெரிகின்றது, பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்கின்றார்கள். அக்காலத்து ஆங்கிலப் பயணியின் குறிப்பும் இக்காலத்து உல்லாசப் பயண விளம்பரமும் இவ்விடயத்தில் ஒன்றுபடுகின்றன. மலையக மக்கள் காட்சியின் ஒரு பகுதி, காண்பவர் அல்லர். இதற்குச் சுவையான சான்று தெமோதரைச் சுழல்பாதை பற்றி வழங்கும் கதையாகும். பாதை தன் அடியிலேயே சுரங்கத்தின் வழியாகச் சுற்றிவரும் அவ்வமைப்பு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைக் கண்ட பொறியியலாளருக்குத் தோன்றிய யோசனை என்று கூறுவர். கதை உண்மையோ கட்டுக்கதையோ, அதுபற்றி எமக்குக் கவலையில்லை. அது விரும்பிச் சொல்லப்படுகின்றது என்பதே முக்கியம். புகையிரத வரலாற்றிலே தோட்டத் தமிழனுக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. அதுவும் அவனுடைய தலைப்பாகைக்கே கிடைத்தது! கல் சுமந்தவர்களும் மண் வெட்டியவர்களுமான தென்னிந்தியக் கூலிகளைப் பற்றி இத்துணை ஆவலோடு சொல்லப்படும் கதை ஒன்றேனும் உண்டா?

மறுதரப்பு வாதமொன்றையும் இங்கு எதிர்கொள்ள வேண்டும். கார்ல் மார்க்ஸ் 1853 இல் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்கு இந்தியாவைப் பற்றி எழுதிய கட்டுரைகளிலே, புகையிரதம் நவீன கைத்தொழிலின் முன்னோடியாகும் என்றும், அக்கைத்தொழில் சாதியமைப்புக்கு ஆதாரமான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்றும் எதிர்பார்த்தார். எம்மவரிற் சிலர் இவ்வெதிர்பார்ப்பை ஒரு விதியாகக் கொண்டு, புகையிரதம் வந்த இடமெல்லாம் முன்னேற்றம் வந்ததென எழுதிவிடுகின்றனர். மலையகத்தில் நிகழ்ந்தது வேறு. கங்காணி தன் ஊரிலே, தன் உறவிலே, தன் சாதி வழியிலே ஆட்களைத் திரட்டினான். ஊரின் அடுக்குமுறை ஏறக்குறைய அவ்வாறே லயத்துக்கு வந்து சேர்ந்தது. 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் கப்பற் சேவையும் ஒன்றிணைந்தபோது இவ்வாட்சேர்ப்பு விரைவு பெற்றதேயன்றிக் கரைந்துபோகவில்லை. மார்க்ஸ் தாமே அதே கட்டுரையில், உற்பத்திச் சக்திகளை மக்கள் தமதாக்கிக்கொள்ளும்வரை இவற்றின் பயன் அவர்களைச் சேராது என்று எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கையை விடுத்து எதிர்பார்ப்பை மாத்திரம் மேற்கோள் காட்டுவது அவருக்கும் நீதியன்று, எமக்கும் பயனன்று.

ஆயினும் அவ்வெதிர்பார்ப்பு முற்றும் பொய்த்ததென்றும் கூறுவதற்கில்லை. கோ. நடேசையர் 1931 இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் அமைத்தது தற்செயலன்று. ஹட்டன் புகையிரத நகரம். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவதைத் துரை தடுக்கலாம்; அரசாங்கத்துப் புகையிரத நிலையத்திற் பத்திரிகைக் கட்டு வந்திறங்குவதைத் தடுத்தல் எளிதன்று. நிலையமும் அதனைச் சூழ்ந்த கடைத்தெருவும், தோட்ட எல்லைக்கு வெளியே தொழிலாளி கால்வைக்கக்கூடிய சில இடங்களுள் ஒன்றாயின. அவ்வகையிற் பாதை, அதனைப் போட்டவர் நினையாத ஒரு காரியத்தையும் செய்தது. ஆனால் அது நிகழ்ந்தது நிலையத்தைச் சூழ ஒரு நகரம் வளர்ந்த இடத்திலேதான். இராகலைக்கு அந்த வாய்ப்பு நீடிக்கவில்லை. வளரத் தொடங்கிய காலத்திலேயே அதன் நிலையம் நிலையமாக இல்லாது போயிற்று.

சொற்களும் இவ்வரலாற்றிற் சாட்சி கூறுகின்றன. இலங்கையின் ஆட்சித் தமிழிற் 'புகையிரதம்' என்கின்றோம். சிங்களத்திலே 'தும்ரிய' என்பர். புகையும் தேரும் சேர்ந்த அதே ஆக்கம். இரண்டும் அறிஞர் கூடி ஆக்கிய சொற்களின் சாயலுடையன. தோட்டத்து மக்கள் வழங்குவது 'கோச்சி'. சிங்களக் கிராமத்தவர் வழங்குவதும் 'கோச்சிய'. லயத்துத் தமிழரும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரும் ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று ஒரே சொல்லைக் கையாண்டிருக்கின்றனர். அரசியல்வாதிகள் இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் அந்நியர் என்று கூறிவந்த காலத்திலும் இச்சொல் பொதுவாகவே இருந்துவந்தது. எமது பல்கலைக்கழகக் கட்டுரைகளிலே 'கோச்சி' இழிவழக்கெனத் தவிர்க்கப்படுவதை நாம் அறிவோம். இக்கட்டுரையும் தலைப்பிற் புகையிரதத்தையே கொண்டுள்ளது. மரபு அத்துணை வலியது. ஆனால் மலையகப் போக்குவரத்தைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய விரும்புபவர், 'கோச்சி' என்ற சொல் வரும் இடங்களைத் தேடிச் செல்ல வேண்டுமேயன்றிப் 'புகையிரதம்' என்று வரும் இடங்களையன்று.

அவ்வாறு தேடும்போது முதலில் எதிர்ப்படுவது 'ஒப்பாரிக் கோச்சி' என்ற தொடராகும். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இங்ஙனம் இந்தியாவுக்கெனக் குறிக்கப்பட்டவர்களை மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயரே அது. ஏறியவர்களும் அழுதனர், வழியனுப்ப வந்தவர்களும் அழுதனர். இழவு வீட்டிற்குரிய சொல்லைப் போக்குவரத்துச் சாதனத்துக்கு அடைமொழியாக்கிய இத்தொடருக்குள், நீண்டதொரு விமர்சனம் அடங்கியிருக்கின்றது. மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுப்பொன்றுக்கு இதையே பெயராக வைத்திருப்பது பொருத்தமே. இராகலைப் பகுதியிலிருந்து சென்றவர்களுக்கு அந்தக் கோச்சியும் வாசலுக்கு வரவில்லை. தண்டவாளம் கழற்றப்பட்டுவிட்டமையால், வீதிவழியே சென்றுதான் அதனைப் பிடிக்க வேண்டியிருந்தது. 1984 இல் கப்பற் சேவை நிற்கும்வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர்.

வந்த பயணத்தையும் இதனோடு ஒப்புநோக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நடைமுறைக்கு வந்த தகரத் துண்டு முறையின்படி, ஆட்சேர்ப்பில் வந்தவரின் கழுத்திலே தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகடு கட்டப்பட்டது. அதனைக் காட்டினால் வழியில் உணவும் பயணமும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டத்தின் கணக்கு கங்காணியின் கணக்காகி, கங்காணியின் கணக்கு தொழிலாளியின் கடனாவது அக்காலத்து வழக்கம். முன்னர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர் பலர் வழியிலேயே மாண்டனர் என்பதை நோக்கும்போது, புகையிரதம் உயிர்களைக் காத்தது என்பது மெய். அதை மறுத்தற்கில்லை. ஆனால் பயணச்சீட்டு ஒருவன் தன் கையில் வைத்திருப்பது. முகவரிச்சீட்டு பொதியின் மேல் ஒட்டப்படுவது. கழுத்திற் கட்டிய தகடு இவ்விரண்டில் எதைப் போன்றதென்று வாசகரே கூறட்டும். வருகையிலே தகடு, போகையிலே ஒப்பந்தத்தின் எண்ணிக்கை. இவ்விரு பெரும் பயணங்களிலும் மக்கள் வண்டியில் ஏறியிருந்தனர் என்பது உண்மை. அவற்றைக் கொண்டு அவர்களைப் பயணிகள் எனக் கணக்கிடும் புள்ளிவிபரம் எவ்வளவு பயனுடையது?

இராகலைப் பாதை மூடப்பட்ட 1948 ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் நிறைவேறிற்று. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. பாதையைக் கணக்கேடு மூடியது. உரிமையைப் பாராளுமன்றம் பறித்தது. ஆயினும் இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததன் விளைவை வரலாற்றாசிரியர் கவனிக்கவில்லை. ஒரு பாதையை மூடும்போது அப்பகுதி மக்கள் தமது பிரதிநிதியிடம் முறையிடுவர், பிரதிநிதி சபையில் எழுந்து பேசுவார், பத்திரிகை எழுதும். 1949 இன் பின் இராகலைத் தோட்டத்து மக்களுக்கு அவ்வாறு பேசக்கூடிய பிரதிநிதி எவர்? எஞ்சிய நாடற்றோருக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் உரிமை கிடைத்தது. அதற்குள் பாதை சென்ற தடத்தின் பெரும்பகுதியிலே தேயிலையும் மரக்கறியும் வீடும் வீதியும் வந்துவிட்டன. பாதை மீளவேண்டுமென்று உரத்துக் கேட்டவர் இல்லை என முன்னர்க் குறிப்பிட்டோம். கேட்பதற்கு உரிமையுள்ளோர் அங்கு இல்லாதிருந்தனர் என்பதே அதன் பொருள்.

தமிழ் இலக்கியமும் இப்பாதைபற்றிப் பெரிதும் வாய்திறக்கவில்லை. மலையகச் சிறுகதையும் நாவலும் லயம், கங்காணி, கொழுந்து, தொழிற்சங்கம், நாடற்ற நிலை என்று விரிந்தவை, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மக்கள் பாடல்களைத் தொகுத்து உதவினர். ஆனால் முக்கால் நாளில் ஒருவர் நடந்து கடக்கக்கூடிய தூரத்திலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு கோச்சி, எமது எழுத்திலே ஓர் ஓசையாகக்கூட அரிதாகவே கேட்கின்றது. நெடும்பயணமே இலக்கியத்துக்குரியது, அன்றாடப் போக்குவரத்து அற்பமானது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். இவ்வெண்ணத்தை நாம் ஏற்க முடியாது. இராகலையிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிச் செல்வதில் உள்ள போக்குவரத்துப் பிரச்சினை, கடல் கடந்த பயணத்துக்குக் குறைந்த பொருளன்று. இன்றும் இப்பகுதி மாணவர் பேராதனைக்கோ கொழும்புக்கோ செல்ல, கந்தப்பளை வழியே பஸ்ஸில் நின்றுகொண்டே நுவரெலியா சேர்கின்றனர். புகையிரதத்தை விரும்புவோர் அதன்பின்னும் நானுஓயா வரை இறங்க வேண்டும். பாதை இருந்திருப்பின் எவ்வளவு வசதி என்று பெருமூச்செறிவது எமது நோக்கமன்று. அக்குறுகிய பாதையின் வண்டி மிக மெதுவாகவே மலையேறியிருக்கும். பஸ் அதனை முந்தியிருக்கும். ஆனால் வேகத்தைப் பற்றிய அவ்விவாதமே மக்கள் முன் வைக்கப்படவில்லை.

கந்தப்பளையிலே, தேயிலைத் தொழிற்சாலையாக இருந்து உல்லாச விடுதியாக மாறிய கட்டிடத்தின் வளவில், குறுகிய பாதைக்குரிய பழைய பெட்டியொன்று பேணப்பட்டுள்ளது. விருந்தினர் அதனுள் அமர்ந்து இராவுணவு அருந்துகின்றனர். பேணியமைக்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். அவர்களும் பேணாவிடில் காட்டுவதற்கு அதுவும் இராது. எனினும் அங்கும் நோக்கு சாளரத்தின் உட்புறத்திலிருந்தே அமைகின்றது. வெளிப்புறத்து நினைவு வேறிடத்தில் உள்ளது. 1948 இற்கு முன் அக்கோச்சியைக் கண்ணாற் கண்ட சிறுவர் சிறுமியர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். நானுஓயாவுக்கும் இராகலைக்கும் இடைப்பட்ட தோட்டங்களிலே அத்தகையோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். கோச்சியில் ஏறினீர்களா, ஏறியவர் யார், கூலி எவ்வளவு, எங்கே நிறுத்துவார்கள், கழற்றிய தண்டவாளத்தை எவ்வழியாகக் கொண்டு சென்றார்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். எமது சங்கத்து மாணவர் நால்வர் ஒரு விடுமுறையிலே ஒலிப்பதிவுக் கருவியோடு செல்வார்களாயின், கந்தப்பளையிலிருந்தே தொடங்கலாம்.